பதினைந்து நிமிடச் சோதனை

போன மாதம் நித்யா என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். திருப்பூரில் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த கணினிக் கடையில், என்னுடைய மேசையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். படத்தில் ரப்பர் விரிப்பின் மேல் நான்கு மெமரி வரிசையாகக் கிடந்தன. இரண்டு கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. நான்கும் வெவ்வேறு பழைய கணினிகளிலிருந்து பிடுங்கியவை. கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, நாலும் ஒண்ணா ஓடுங்களா?"

"ஓடும் கண்ணு. அதுதான் பிரச்சினை" என்று பதில் போட்டேன்.

உடனே மூன்று கேள்விக்குறி வந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. புது மெமரி கேட்ட நேரத்துக்குக் கிடைப்பதில்லை, விலையும் ஏறிக் கிடக்கிறது. இருப்பதை வைத்து ஒப்பேற்றச் சொல்லி எல்லா வாடிக்கையாளரும் நிற்கிறார்கள். ஏன் பிரச்சினை என்று ஒற்றை விரலால் தட்டிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வேலையை விட்டு ஓய்வாக இருப்பவள்தானே, உட்கார்ந்து எழுதியே விடலாம் என்று நோட்டை எடுத்தேன்.

மெமரி என்பது சீப்பு நீளத்தில் ஒரு பட்டை. கணினி வேலை செய்யும்போது கையில் இருப்பதை எல்லாம் அதன்மேல்தான் பரப்பி வைத்துக்கொள்ளும். மேசை சின்னதாக இருந்தால் துணி வெட்டுகிறவர் எப்படித் தடுமாறுவாரோ, மெமரி குறைந்தால் கணினியும் அப்படித் தடுமாறும். மேசையைப் பெரிதாக்குவது எளிய காரியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

அவிநாசியில் எங்கள் வீடு. என் கணவர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, கல்யாணம், இரண்டு குழந்தைகள் என்று பன்னிரண்டு வருடம் அந்தச் சான்றிதழைப் பீரோவிலேயே வைத்திருந்தவள். சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், அந்தக் கடையில் போன் எடுத்துப் பேச ஆள் வேண்டும் என்று போர்டு மாட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். ஆறு மாதம் போன் எடுத்தேன். அதற்குள் எந்தப் புகாருக்கு என்ன காரணம் என்று போனிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சர்வீஸ் பிரிவின் தலைவர் ஒருநாள் வந்து, "யக்கா, போன வேற யாராச்சும் எடுக்கட்டும். நீங்க உள்ள வாங்க" என்றார். பயிற்சி என்று எனக்கு நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கை சுட்டுக்கொண்டு பழகியது.

அந்தத் தலைவர் பெயர் அருள்ராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். திருப்பூருக்கு வந்து எத்தனை வருடமானாலும் அவர் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. அதையும் மிகத் தாழ்ந்த குரலில் பேசுவார். கத்திக்கொண்டே படியேறி வரும் கம்பெனிக்காரர்கள் அவரிடம் இரண்டு வார்த்தை பேசியதும் தாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மெமரியைத் தொடுவதற்கு முன்னால் கணினிப் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொடுவார், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிப்போக. அப்புறம் அப்பளத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு ஓரத்தில் மட்டும் பிடித்து எடுப்பார். அது கையில் இருக்கும்வரை போன் அடித்தால் எடுக்க மாட்டார், முதலாளியே அழைத்தாலும்.

யார் தப்பு செய்தாலும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார். ஒரு எண்ணைக் கேட்பார். "எத்தன திருகாணி போட்டிய?" "எந்த ஓட்டையில சொருகுனிய?" பதில் சொல்லும்போதே நமக்குப் புரிந்துவிடும்.

அவர் ஒரு வெள்ளை அட்டை வைத்திருந்தார். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு அட்டை. மெமரி வாங்கும் முன்னால் அதை நிரப்பியாக வேண்டும். எல்லாப் பாகமும் வந்து சேரும் பலகையான மதர்போர்டின் பெயர் முழுதாக, கடைசியில் இருக்கும் பொடி எழுத்து வரைக்கும். எந்தத் தலைமுறை மெமரி ஏற்கும், மெமரி செருக எத்தனை ஓட்டை, ஒரு ஓட்டைக்கு எவ்வளவு தாங்கும். பிராசஸர் எந்த வேகம் வரை ஒத்துக்கொள்ளும். போர்டு செய்த கம்பெனி தானே சோதித்து வெளியிட்டிருக்கும் பட்டியலில் நாம் வாங்கப்போகும் மெமரி இருக்கிறதா. இவற்றோடு வாடிக்கையாளரிடம் கேட்க ஒரு கேள்வி: இன்னும் மூன்று வருடத்தில் இதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்? கடைசி வரி, பூட்டியபின் மெமரியில் பிழை வருகிறதா என்று பார்க்கும் சோதனை எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. அரை நாள் ஓட வேண்டும். அதில் சலுகை கிடையாது.

இவ்வளவு எதற்கு என்று நான் ஆரம்பத்தில் சலித்துக்கொண்டது உண்டு. பல்லடத்திலிருந்து வந்த சென்னியப்பன்தான் முதலில் எனக்குப் புரிய வைத்தார். நாற்பது தறி வைத்திருந்தவர். தன் பழைய கணினிக்கு வேறெங்கோ புது மெமரி வாங்கி, தானே மாட்டிப் பார்த்திருக்கிறார். மாட்டவில்லை. மெமரியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், ஓட்டைக்குள் இருக்கும் மேட்டில் அது போய் உட்கார வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தப் பள்ளம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். சென்னியப்பன் அரம் எடுத்துப் பள்ளத்தை அகலமாகத் தேய்த்துவிட்டார். தங்கப் பூச்சுக் கால்கள் மூன்றைக் காணவில்லை. அதையும் அழுத்தி உட்கார வைத்து எடுத்து வந்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அருள்ராஜ் சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து வைத்து, ஏனுங்க தேய்ச்சீங்க என்று எங்கள் பேச்சிலேயே பணிவாகக் கேட்டார்.

"தறிக்கு வாங்கற எந்த ஸ்பேர் நேராப் போயி உக்காருதுங்க? தேச்சுத்தானுங்க போடோணும்" என்றார் சென்னியப்பன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பள்ளம் இடம் மாறியிருந்தால் உள்ளே போக வேண்டிய மின்னழுத்தமும் மாறியிருக்கிறது என்று அருள்ராஜ் அவருக்கு விளக்கினார். மாட்டாதே என்று சொல்லத்தான் அந்தப் பள்ளமே இருக்கிறது. ஸ்விட்ச் போட்டீர்களா என்று கேட்டதற்கு, எங்கீங்க, அன்னிக்குப் பூராவும் எங்க பக்கம் கரண்ட் இல்லையே என்றார். மின்வாரியம்தான் அந்தப் போர்டைக் காப்பாற்றியது.

அப்புறம் ஒரு தையல் பயிற்சி மையத்துக்கு மெமரி போட்டேன். சரியான தலைமுறை, சரியாக உட்கார்ந்தது. கணினி மட்டும் உயிர் வராமல் பீப் பீப் என்று கத்தியது. அதே மெமரி வேறு கணினியில் நன்றாக ஓடியது. அருள்ராஜ் வந்து, "எத்தன சில்லுக்கா?" என்று கேட்டார். எண்ணினேன். பட்டையின் மேல் எட்டுக் கறுப்புச் சில்லுகள். அந்தப் பழைய போர்டுக்கு அதே கொள்ளளவு பதினாறு சில்லுகளில் பரவி இருந்தால்தான் படிக்கத் தெரியும். எட்டுக்குள் அடைத்த புதுச் சில்லு அதற்குப் புரியாது. அன்றிலிருந்து மெமரியைக் கையில் எடுத்தால் சில்லு எண்ணுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வீட்டில் வடை தட்டினாலும் எண்ணுகிறேன் என்று என் கணவர் கேலி செய்வார்.

மாட்டாத மெமரியால் யாருக்கும் கெடுதல் இல்லை. மாட்டியும் ஓடாத மெமரியாலும் பெரிய கெடுதல் இல்லை, ஒரு நாள் வீணாகும். நான் மாட்டிக்கொண்டது ஓடிய மெமரியிடம்.

மங்கலம் போகும் சாலையில் சாந்தாமணி அக்காவின் பிரிண்டிங் யூனிட் இருக்கிறது. பனியன் துணியில் பூவும் பொம்மையும் அச்சடிப்பார்கள். கணவர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, யூனிட் முழுவதும் அக்காவின் கையில். அங்கே டிசைனர் ரபீக். மங்கலத்துக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். பையர், அதாவது பனியன் வாங்கும் கம்பெனி, அனுப்பும் படத்தைக் கணினியில் போட்டு, நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அந்தப் பிலிமை வைத்துத்தான் அச்சடிக்கும் வலைச்சட்டமான ஸ்க்ரீன் தயாராகும். ரபீக் பிரித்த பிலிம் என்றால் பிரிண்டிங் மாஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

அவருடைய கணினியை நான்தான் பூட்டிக் கொடுத்தேன். நான்கு ஓட்டை உள்ள போர்டு. அக்கா நான்கையும் நிரப்பிவிடச் சொன்னார். இப்போதைக்கு ஒரு ஜோடி போதும், வேலை பெருகும்போது மிச்சம் இரண்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொன்னது நான். பின்னால் வளர இடம் விட்டுப் பூட்டுகிறோம் என்பதுதானே எங்கள் கடையின் பேச்சு.

இரண்டு வருடம் கழித்துக் குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்று வந்தது. துணி முழுக்க யானைகள், ஏகப்பட்ட நிறம். பைல் பெருத்துப்போய் கணினி நகரவில்லை. அக்கா போன் செய்து, "பானு, அந்தக் காலி ஓட்டை ரெண்டையும் அடைச்சு உட்டுரு கண்ணு" என்றார்.

அருள்ராஜ் அந்த வாரம் ஊரில் இல்லை, தன் சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நானே பழைய ஜோடியின் மாடல் எண்ணைப் பார்த்து அதே கம்பெனியில், அதே கொள்ளளவில், அதே வேகத்தில் இன்னொரு ஜோடி வாங்கினேன். எண்ணின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறாக இருந்தது. பார்த்தேன். தயாரித்த தொகுதியைக் குறிக்கும் எழுத்தாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உள்ளே இருந்த சில்லு வேறு கம்பெனியினுடையது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாட்டினேன். கணினி நான்கையும் காட்டியது. லேபிளில் இருக்கும் வேகம் ஒரு ஜோடிக்குத்தான் உத்தரவாதம், நான்கு பட்டை பூட்டினால் வேகத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். நன்றாகத்தானே ஓடுகிறது என்று இறக்காமல் விட்டேன். சோதனைக்கான பென் டிரைவைச் செருகினேன். வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார், மதியம் சாம்பிள் போயாக வேண்டும். ரபீக் நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் அவசரப்படுத்தவில்லை, நின்றார், அவ்வளவுதான். பதினைந்து நிமிடம் ஓடியது, ஒரு பிழையும் இல்லை. நிறுத்தினேன். அட்டையின் கடைசி வரியில் மணிக்கணக்கு எழுத வேண்டிய இடத்தில் "சோதனை முடிந்தது" என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். ரபீக் வாசல்வரை வந்து நன்றி சொன்னார். கணினி பறக்குதுக்கா என்றார்.

ஒரு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன். டிசைன் கணினிக்குக் கடவுச்சொல் மாற்ற வேண்டும், புது ஆள் வருகிறார் என்றார். நான் போய் ரபீக் எங்கே என்று கேட்டேன்.

அச்சில் கோடு விழுந்திருக்கிறது என்றார் அக்கா. முதல் தடவை ஒரு யானையின் தும்பிக்கைக்கு முன்னால் மயிரிழைபோல ஒரு நீலக்கோடு. யானை தண்ணீர் பீய்ச்சுகிறது, டிசைனே அப்படித்தான் என்று நினைத்து செக்கிங் பெண்கள் விட்டுவிட்டார்களாம். இரண்டாவது தடவை ஒரு பூவில் புள்ளிகள் வரிசையாகக் காணாமல் போயின. மூன்றாவது தடவை விழுந்த கோடு, கட்டுக்கட்டாகத் துணி அச்சாகி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. ரபீக் ஒவ்வொரு தடவையும், நான் சேமிக்கும்போது இந்தக் கோடு இல்லை, மறுபடி திறந்தால் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதை யார் நம்புவார்கள்? பிரிண்டிங் டேபிளில் அத்தனை பேர் முன்னால் அக்கா, "கண்ணாடிய மாத்துங்க ரபீக். இல்லீன்னா நான் ஆள மாத்தோணும்" என்று சொல்லிவிட்டார். அவர் அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர், நான்கு நாளாக வரவில்லை.

அவர் மேசையில் ஒரு பைல் இருந்தது. கெட்டுப்போன ஒவ்வொரு டிசைனையும் அச்செடுத்து, கோட்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. முதல் தாளின் தேதியைப் பார்த்தேன். நான் மெமரி பூட்டிய நாளுக்கு மறுநாள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் ஒரு தாளும் இல்லை.

அக்காவிடம் கணினியைக் கடைக்கு எடுத்துப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அப்போதே சொல்ல வாய் வரவில்லை.

கடையில் காலையில் சோதனையை ஓட விட்டேன். பதினைந்து நிமிடம் சுத்தம். ஒரு மணி நேரம் சுத்தம். எனக்கு அற்ப சந்தோஷம்கூட வந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனபோது திரையில் ஒரு சிவப்பு வரி. மதியத்துக்குள் இன்னும் இரண்டு.

பழைய ஜோடியை மட்டும் போட்டு ஓட்டினேன். அரை நாளும் சுத்தம். அப்படியென்றால் புது ஜோடிதான் கோளாறு என்று மறுநாள் அதை மட்டும் போட்டு ஓட்டினேன். அதுவும் சுத்தம். பட்டையில் குறை இல்லை, ஓட்டையில் குறை இல்லை, போர்டில் குறை இல்லை. நான்கும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும்போது மட்டும், கோடிக்கணக்கான புள்ளிகளில் எங்கோ ஒன்று புரண்டுவிடுகிறது. கணினி நிற்காது, எச்சரிக்காது. புரண்ட புள்ளியை அப்படியே சேமித்துவிடும். அது யானை முன்னால் கோடாகப் போய் நிற்கும். குறை, இவற்றை ஒன்றாகச் சேர்த்த என்னிடம்தான்.

கல்யாணம் முடிந்து எப்போதோ திரும்பியிருந்த அருள்ராஜிடம் போனேன். நான் எல்லாவற்றையும் சொல்லி அட்டையை நீட்டினேன். கடைசி வரியைப் படித்தார்.

"எத்தன மணி நேரம்க்கா?"

"பதினஞ்சு நிமிசங்க."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "நீங்களே திருத்திருங்க" என்றார். நான் எழுதியதை அடித்துவிட்டு "பதினைந்து நிமிடம்" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக இரண்டு வார்த்தை எழுதியதில்லை.

"சாந்தாமணி அம்மாட்ட போன்ல சொல்லாதிய. நேர்ல போயிச் சொல்லுங்க. நானும் கூட வாரேன், ஆனா பேச மாட்டேன்."

சொன்னபடியே வந்தார், சொன்னபடியே பேசவில்லை. யூனிட்டில் அக்காவின் மேசைக்கு எதிரே என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். எண்ணின் கடைசி எழுத்து, இறக்காத வேகம், நிறுத்திய சோதனை, அட்டையில் எழுதிய பொய், ரபீக்கின் தேதிகள் எல்லாவற்றையும் நான் சொன்னேன். கணினி விஷயத்தில் பாதிதான் அக்காவுக்குப் புரிந்திருக்கும். புரிய வேண்டிய பாதி புரிந்துவிட்டது.

"அப்ப ரபீக்குக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதா?" என்று கேட்டார்.

நல்லாத்தான் இருக்குதுங்க என்றேன்.

அக்கா எழுந்து செருப்பை மாட்டினார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வா, போலாம். அவரு ஊடு எனக்குத் தெரியும்" என்றார். காரில் மங்கலம் போனோம். அருள்ராஜ் முன்சீட்டில் கோயிலுக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

ரபீக்கின் மனைவி எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். ரபீக் உள்ளறையிலிருந்து வந்தார். எனக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. முகத்தில் புதுக் கண்ணாடி, கறுப்பு பிரேம் போட்டது.

"ரபீக், கோடு போட்டது நீங்க இல்லியாமா. இந்தப் புள்ளதான்" என்று அக்கா என்னைக் காட்டினார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த என்னை யாரும் புள்ள என்று கூப்பிட்டுப் பல வருடமாகியிருந்தது. சிரிக்கிற நேரமில்லை அது. நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டு முடித்துவிட்டு ரபீக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நான் கண்ணாடிய மாத்திட்டேன்க்கா" என்றார். "டாக்டரு பழைய பவரே போதும்னாருங்க. நாந்தான் கேக்கல. நாலு நாளா எறும்பு தெரியுது, செவுத்துல விரிசல் தெரியுது, எல்லாம் தெரியுது. அந்தக் கோடு மட்டும் எப்பிடி என் கண்ணுக்குத் தப்புச்சுன்னு உக்காந்து யோசிச்சுட்டே இருந்தனுங்க."

நான் கெடுத்தது துணி மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருடமாகப் பிலிம் பிரித்த மனிதர் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

அக்கா நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார். வருகிறேன், ஆனால் பிரிண்டிங் டேபிளில் சொன்னதைப் பிரிண்டிங் டேபிளிலேயே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் ரபீக். குரல் உயரவில்லை. அக்காவுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்ததாக ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சரி என்றார்.

கணினிக்கு என்ன செய்வது என்று பார்த்தோம். வேகத்தை இறக்கி அருள்ராஜ் ஓட்டிப் பார்த்தபோது நான்கு பட்டையும் ஒரு நாள் முழுக்கப் பிழையில்லாமல் ஓடின. அதோடு விட்டிருக்கலாம். அந்த மனுசன் முன்னால இத வைக்க எனக்கு மனசில்லக்கா என்று சொல்லிவிட்டார். போர்டு கம்பெனியின் பட்டியலில் தேடி, பெரிய கொள்ளளவில், ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு பட்டை வரவழைத்தோம். நான்கு பட்டையின் வேலையை இரண்டு செய்தன. பிராசஸரிலிருந்து இரண்டாவது ஓட்டையிலும் நான்காவது ஓட்டையிலும் பூட்டினேன். நித்யா, இதுதான் உனக்குச் சொல்ல வந்தது. காலி ஓட்டை இருக்கிறது என்பதால் பின்னால் வாங்குவது பழையதோடு சேரும் என்று நினைக்காதே. முதலிலேயே பெரிய ஜோடியாகப் போடு. கூட்ட வேண்டி வந்தால் இருப்பதைக் கழற்றிவிட்டு ஒரே பெட்டியில் வந்ததைப் போடு. வேறு வழியே இல்லாமல் கலந்தால் வேகத்தை இறக்கு, அரை நாள் ஓட்டு, எவ்வளவு நேரம் ஓட்டினாயோ அதை மட்டும் எழுது.

நான் கணினியைத் திருப்பிக் கொண்டுபோன காலையில்தான் அக்கா தன் வார்த்தையைக் காப்பாற்றினார். டேபிள் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ரபீக் மேல தப்பு இல்ல, நாந்தான் நெதானமில்லாமப் பேசிப்போட்டேன், எல்லாரும் கேட்டுக்கோங்க என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஒடிசாவிலிருந்து வந்த அச்சுக்காரர்கள் நால்வரும் புரியாமல் விழிக்க, மாஸ்டர் அதை இந்தியில் சொன்னார். மாஸ்டர் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் கைதட்டினார்கள். அக்கா வெட்கத்தோடு டேபிளை ஓட்டச் சொல்லிக் கையை வீசிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் புது ஜோடியின் சோதனை ரபீக்கின் அறையிலேயே ஓடியது, காலை ஒன்பதரையிலிருந்து மூன்று மணிவரை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் இருவரும் அவர் வீட்டுச் சாப்பாட்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். தன் மகள் கல்லூரியில் சேர்ந்திருப்பதைச் சொன்னார். நான் என் மகளின் கல்யாணக் கவலையைச் சொன்னேன். பச்சை எழுத்தில் பிழை இல்லை என்று வந்தபோது அவர் புதுக் கண்ணாடியோடு ஒருதரமும், அதைக் கழற்றிவிட்டு ஒருதரமும் படித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றுதான் தெரியுது என்று சிரித்தார். பிறகு பழைய கண்ணாடிக்கே திரும்பிவிட்டார்.

சில வருடம் கழித்து ரபீக் அக்காவிடம் சொல்லிக்கொண்டு தனியாக டிசைன் சென்டர் தொடங்கினார். அக்காவே முதல் வாடிக்கையாளர். மூன்று கணினி வேண்டும் என்று ரபீக் எங்கள் கடைக்கு வந்தார். அதற்குள் எங்கள் சர்வீஸ் பிரிவில் ஆறு பேர் இருந்தோம், மற்றவர்கள் என்னைவிடக் கைவேகம் உள்ளவர்கள். அருள்ராஜ் அவரை வரவேற்று உட்கார வைத்து, யாரிடம் கொடுக்கட்டும் என்று கேட்டார். நான் இரண்டு மேசை தள்ளி, கேட்காததுபோல ஒரு பெட்டியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"பானு அக்காவே பூட்டட்டுங்க" என்றார் ரபீக்.

அருள்ராஜுக்கு ஆச்சரியம். மத்தவங்களும் நல்லாப் பூட்டுவாங்களே என்றார்.

"பூட்டுவாங்க. இவங்க ஒருக்காத் தப்புப் பண்ணிப்போட்டு ஊடு தேடி வந்து சொன்னவங்க. மத்தவங்க இன்னும் பண்ணல. பண்ணுனா வருவாங்களான்னு எனக்கெப்பிடித் தெரியும்?"

அருள்ராஜ் என் பக்கம் திரும்பினார். நான் கையில் இருந்த திருகாணியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். அகப்பட்ட பிறகும் கொஞ்ச நேரம் தேடினேன்.